பதினேழாம் நம்பர் சிரிப்பு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் உடம்பாலும் மனதாலும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ரேடியோ பேச்சை எடுத்தாலே எனக்குக் குரல் எகிறுகிறது, உடனே அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு குழந்தைக்குச் சளி எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. விடுங்கப்பா, ஒரு ஃபார்மேட் வரும், போகும், அதுக்குப் போய் இப்படிக் கொதிக்கறீங்களே என்று நீ சொன்னாய். சுருக்கென்றது. பேனாவை யாரும் பிடுங்க முடியாது, அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

ரேடியோ நிகழ்ச்சிக்கு ஒரு ஃபார்மேட் வரும் போகும் என்பது எனக்குத் தெரியாதா? அறிவிப்பாளராக இருந்த பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பார்த்திருக்கிறேன். நான் சேர்ந்தபோது நேயர்கள் போன் பண்ணுவார்கள், பேசுவோம், பாட்டுப் போடுவோம். பிறகு பேச்சைக் குறை என்றார்கள், குறைத்தோம். புதுப்பாட்டு மட்டும் என்றார்கள், ஆறே மாதத்தில் பழையபாட்டு மட்டும் என்றார்கள், பிறகு நாள் முழுக்கக் காதல் பாட்டு. எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டினேன். கடைசியில் மடிக்கணினியோடு ஒரு ஆலோசகர் வந்தார். இனி அறிவிப்பாளரே வேண்டாம், எந்தப் பாட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, நடுநடுவே பதிவு செய்த ஒரு குரல் மட்டும் நக்கலடிக்கும், ஊரே கிறங்கிப் போகும் என்றார். அந்தக் குரலுக்கு ஜாலி மாமா என்று பெயர். குரல் யாருடையது என்றுதான் உனக்குத் தெரியுமே. கண்ணாடி அறையில் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து இரண்டாயிரம் வரி பேசினேன். சிரிப்பு மட்டும் தனியாக இருபத்துநாலு வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பதிமூன்றாம் நாள், எல்லாம்தான் பதிவாகிவிட்டதே, இனி நீங்கள் எதற்கு என்று என்னையும் மற்ற ஒன்பது அறிவிப்பாளர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னை நானே பேசித் தீர்த்துக்கொண்டேன், வேறென்ன சொல்ல.

முதல் வருஷம் ஓஹோ என்று ஓடியது, அதை மறுக்கவில்லை. ஆட்டோவில் அதுதான், முடிவெட்டும் கடையில் அதுதான். மற்ற நிலையங்களும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா, ஒருவர் குறும்பு அத்தை என்று ஆரம்பித்தார், இன்னொருவர் லொள்ளு தாத்தா. ஊரில் ஒரு நிலையத்தில்கூட உயிரோடு ஆள் இல்லை, உறவுக்காரர்கள் மட்டும் நிரம்பி வழிந்தார்கள். எந்தப் பாட்டு வரும் என்று தெரியாது என்பதும் சுத்தப் புளுகு, முந்நூற்று நாற்பது பாட்டைத்தான் கம்ப்யூட்டர் மாற்றி மாற்றிப் போட்டது. கேட்கிறவர்களுக்கும் அது சீக்கிரமே புரிந்துவிட்டது. பாட்டைக் கலைத்துப் போட்டுக் கேட்கத்தான் எல்லோர் பையிலும் போன் இருக்கிறதே, அதற்கு மாமா எதற்கு?

இனிமேல் சொல்லப்போவதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, நம் தெரு வழியாகப் போகும் பஸ் பாலத்துத் திருப்பத்தில் கவிழ்ந்தது. டிரைவர் அங்கேயே போய்விட்டார். நம் வீட்டுக்குக் கீழே இருக்கும் தையல்காரர் கடையில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி நின்றார்கள், ஏதாவது செய்தி சொல்வார்களா என்று. அப்போது என் குரல் வந்தது. இன்னைக்கு வேலைக்குப் போகாம தப்பிக்கணும்னா, பஸ்சு கவுந்தாத்தான் உண்டு என்று. பின்னாலேயே சிரிப்பு, பதினேழாம் நம்பர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது. திங்கட்கிழமைக்கு என்று எப்போதோ பேசிவைத்த வரி, கம்ப்யூட்டர் எடுத்துப் போட்டுவிட்டது. தையல்காரர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், வாயைத் திறக்கவில்லை, இருந்தாலும் அவருக்கு அது நான் சொன்னதுதான்.

நிலையத்துக்கு ஓடினேன். வாசலில் காவலாளி மட்டும் இருந்தான். உள்ள யாரும் இல்ல சார், அது தானா ஓடுது, சாவியும் எங்கிட்ட இல்ல என்று கையைப் பிசைந்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் காலி நாற்காலி, பச்சை விளக்கு எரிகிறது. வரவேற்பறை ஸ்பீக்கரில் அதே வரி மறுபடியும் வந்தது, அன்று காலை மட்டும் மூன்று தடவை. கண்ணாடியைக் கையால் தட்டினேன் மகளே, யார் திறப்பார்கள் என்று தட்டினேனோ தெரியவில்லை.

மறுநாள் மேலாளரைப் பார்த்து, ஒரு நிமிஷம் கொடுங்கள், நானே வந்து நேயர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். ஜாலி மாமா மன்னிப்பு கேட்டா அப்புறம் அவர் ஜாலி மாமாவே இல்லியே சார் என்றார். கோபமாகக்கூட இல்லை, எனக்குப் பாடம் நடத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். அதன்பிறகு இரண்டு வருஷம் கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவில்லை. அம்மா காய்கறி வாங்கப் போனால் காதுபடப் பேசினார்கள், அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

போன மாதம் அவர்களே கூப்பிட்டார்கள். விளம்பரம் வற்றிவிட்டது, மாமாவை மூட்டைகட்டிவிட்டு இனி குரலே இல்லாத மெல்லிசை மட்டுமாம், அதற்கு மாமா ஒரு வரி விடைபெற வேண்டுமாம். போனேன். மூச்சு விடும் இடத்தில்தான் பேச்சை வெட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால் போய்வருகிறேன் என்பதையும் மன்னிப்பையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னேன். பதிவு செய்த பையன் கண்கலங்கினான். சனிக்கிழமை ஒலிபரப்பானது. போயிட்டு வரேன் என்பது வரைக்கும் இருந்தது, அதற்குமேல் நறுக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சிரிப்பை எடுத்து ஒட்டியிருந்தார்கள். எந்த நம்பர் என்று கேட்காதே. இதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்தேன்.

அதன்பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. திங்கட்கிழமை காலை பஸ் டிப்போவுக்குப் போனேன். பஸ் புறப்படும் நேரத்தை அறிவிக்க அங்கே ஒரு மைக் இருக்கிறது, டைம் கீப்பரிடம் இரண்டு நிமிஷம் கேட்டேன், என்ன நினைத்தாரோ, எழுந்து இடம் கொடுத்தார். அந்தக் குரல் என்னுடையது, சிரிப்பும் என்னுடையது, விபத்துக்கு எட்டு மாதம் முன்னால் பேசியது, ஆனாலும் உங்கள் காதில் அன்றைக்குத்தான் விழுந்தது, என்னை மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இறந்த டிரைவரின் மனைவிக்கு அங்கேயே டிக்கெட் கவுண்ட்டரில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், உன் வயதுதான் இருக்கும். வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். திட்டுவாள் என்றுதான் நின்றேன். ரெண்டு வருஷமா தினமும் உங்களைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன், நீங்க அங்க இல்லவே இல்லேங்கறீங்க, அப்ப நான் யாரைத் திட்டறது என்றாள். அழவில்லை, நிஜமாகவே கேட்டாள். என்னையே திட்டம்மா என்றேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் டிக்கெட் கிழிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். குழந்தைக்கு ராத்திரியில் காதை மூடி ஒரு துணி கட்டு, சளிமருந்தைப் பாதியில் நிறுத்தாதே, இது அம்மா சொல்லச் சொன்னது. நான் சொல்வது ஒன்றுதான். நீ என்னைவிடப் படித்தவள், அந்தப் பெண் கேட்டதற்கு என்ன பதில் என்று உனக்குத் தெரிந்தால் எழுது, அடுத்த திங்கட்கிழமை போய் அவளிடம் சொல்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா