சீலாவுக்குச் செதில் உண்டு

ஜூன் 5, வியாழன்

விளக்கை அணைத்துவிட்டார்கள். பாத்ரூம் பக்கத்து வராண்டாவில் ஒரு பல்பு மட்டும் எரியும். அதன் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். வார்டன் ஆனந்தவல்லி மிஸ் வந்தால் வயிற்றுவலி என்று சொல்ல வேண்டும். போன முறையும் வயிற்றுவலிதான்.

ஞாயிற்றுக்கிழமை என் அறைத்தோழி பூமிகாவுக்குப் பிறந்தநாள். குத்தாலத்திலிருந்து அவள் அம்மா ஷோபனா ஆன்ட்டி வந்து அவளோடு என்னையும் ஷிஃபாவையும் இங்கே தஞ்சாவூரில் ஒரு ஏசி ஹோட்டலுக்குக் கூட்டிப் போகிறார். அந்த ஹோட்டலுக்கு மீன் போடுவது என் அப்பா. நாகப்பட்டினத்திலிருந்து முதல் பஸ்ஸில் தினமும் ஐஸ் பெட்டி வரும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஷிஃபா என் போர்வையை முகர்ந்து பார்ப்பாள். விளையாட்டுக்குத்தான். இருந்தாலும்.

ஜூன் 8, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஷோபனா ஆன்ட்டி மெனு கார்டை அட்டை முதல் அட்டை வரை படித்தார். முயல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. பிறகு எல்லோருக்கும் பிரியாணி, நடுவில் வஞ்சிரம் வறுவல் இரண்டு பிளேட்.

எங்கள் வீட்டில் தட்டில் மீன் விழுந்ததும் அது என்ன மீன் என்று பெயர் சொல்லிவிட்டுத்தான் பிய்ப்போம். தம்பி ரஞ்சித் மூன்று வயதிலேயே சொன்னான். தப்பாகச் சொன்னால் நாள் முழுக்கக் கேலி. அந்தப் பழக்கம். மீன் வந்தது. வாய் சொல்லிவிட்டது.

"சீலா."

"என்னம்மா?"

"இது சீலா ஆன்ட்டி. வஞ்சிரம் இல்ல. தோல்ல செதில் ஒட்டியிருக்கு பாருங்க. வஞ்சிரத்துக்கு இப்படி இருக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் அப்பா ஞாபகம் வந்தது.

ஆன்ட்டி மேனேஜரைக் கூப்பிட்டார். சட்டையில் குணசேகரன் என்று பேட்ஜ் இருந்தது.

"இது என்ன மீனு?"

"வஞ்சிரம் மேடம்."

"சின்னப் புள்ளைக்குத் தெரியுது, ஒங்களுக்குத் தெரியலியா? கார்டுல ஒண்ணு, தட்டுல ஒண்ணா?"

பக்கத்து மேசைக்காரர் தன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சாப்பிட்டது சிக்கன்.

குணசேகரன் ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "மன்னிச்சுக்குங்க மேடம். மீன் போடுறவன் ஏமாத்திட்டான். நாளையிலேருந்து அவன் பெட்டி உள்ள வராது."

அப்புறம் கேக் வெட்டினோம். நானும் கை தட்டினேன்.

ஜூன் 9, திங்கள்

கணக்கு டெஸ்ட். பெயரும் வகுப்பும் மட்டும் எழுதினேன்.

ஜூன் 11, புதன்

ஹாஸ்டல் போனில் அம்மா பேசினாள்.

"தஞ்சாவூர் ஹோட்டல்ல நம்ம பெட்டிய நிறுத்திட்டாங்க. எவளோ ஒரு குட்டி வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம சொல்லிக் குடுத்துட்டாளாம். அவ நல்லா இருப்பாளா?"

நான் உம் என்றேன். யாரைத் திட்டுகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியாது.

"அப்பா ஞாயித்துக்கெழம வந்து பேசுறாரு. அவங்க ஒத்துக்கலன்னா ஒன்னையும் கையோட கூட்டியாந்துடுவாரு. ஒன் ஹாஸ்டலே அந்தப் பெட்டிய நம்பித்தானே."

அதற்கும் உம் என்றேன். பின்னால் வரிசையில் நின்றவள் சீக்கிரம் பேசச் சொன்னாள். பேச என்ன இருக்கிறது?

ஜூன் 12, வியாழன்

தூக்கம் வரவில்லை. ஒன்று யோசித்தேன். இது தடைக்காலம். ஏப்ரல் பாதியிலிருந்து விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. ஃபைபர் படகுக்காரர்கள் கரைக்குப் பக்கத்தில் பிடித்து வருவதுதான் மீன். மே லீவில் நான் ஊரில்தான் இருந்தேன். ஒரு வஞ்சிரத்தைக்கூடப் பார்க்கவில்லை. பெட்டி மட்டும் தினமும் போனது.

அப்பாவுக்கு மீன் தெரியாதா? அப்பாவுக்கா?

அப்ப எதுக்குப்பா அனுப்புனீங்க —

இந்த வரியை அடித்துவிட வேண்டும். நாளைக்கு அடிக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா வந்தார். கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை. மிஸ்ஸிடம் கையெழுத்துப் போட்டு என்னைச் சாப்பிடக் கூட்டிப் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. வழியெல்லாம் சொல்லிவிட நினைத்தேன். கடைசியில் "வெயிலா இருக்குப்பா" என்றுதான் சொன்னேன்.

அப்பா அந்த ஹோட்டலின் பின்வாசலுக்குத்தான் போய்ப் பழகியவர். முன்னால் கண்ணாடிக் கதவை இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் நின்றார். நான் தள்ளினேன்.

குணசேகரன் வந்தார். அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தப் பாப்பாதான அன்னைக்கு…"

அப்பா என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.

"ஒங்க பொண்ணாண்ணே?"

"ஆமா தம்பி."

குணசேகரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரித்தார். "அதானே பாத்தேன். வெளியாளு யாரு செதிலப் பாக்கப் போறா." பிறகு குரலை இறக்கினார். "தடைக்காலத்துல வஞ்சிரம் வராதுன்னு எனக்குத் தெரியாதாண்ணே? சீலாவையே வெட்டி அனுப்புங்கன்னு நான்தான சொன்னேன். முதலாளி காதுக்குப் போயிருச்சு, ஒரு வாரம் நிறுத்தித்தான் ஆவணும். கஸ்டமர் கத்துறப்ப யாரையாவது திட்டியாவணும்ல. ஒங்களத் திட்டுனா ஒங்களுக்குக் கேக்காது."

"கேட்டுச்சு தம்பி" என்றார் அப்பா.

குணசேகரன் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "படகெல்லாம் போயாச்சுல்ல. மீன் வந்ததும் பெட்டி அனுப்புங்கண்ணே."

இரண்டு சாப்பாடு வந்தது. அப்பா மீன் கொண்டுவரச் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தோம். அடி விழும் என்று கொஞ்சம் தள்ளியே நடந்தேன். நாகப்பட்டினம் பஸ் நிற்குமிடத்தில் கேட்டார்.

"செதில் இருந்துச்சா?"

"ஒண்ணுதாம்ப்பா."

"அம்மாட்ட நல்லாத் தேய்க்கச் சொன்னேன்."

பிறகு, "நீ சொன்னது சரிதான் பாப்பா. ஆனா…" என்று ஆரம்பித்தார். பஸ் வந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

ஹாஸ்டலில்தான் இருக்கிறேன். காலையில் உப்புமா.

ஜூலை 13, ஞாயிறு

ஷோபனா ஆன்ட்டி மறுபடியும் கூட்டிப் போனார். அந்த ஹோட்டல் வேண்டாம் என்று வேறொன்று, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம். இங்கே மீன் போடுவது யார் என்று எனக்குத் தெரியாது.

வஞ்சிரம் வந்தது. ஆன்ட்டி தட்டை என் பக்கம் தள்ளினார். "யாரும் கை வைக்காதீங்கடி. மொதல்ல நீலா பாக்கட்டும்." எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சர்வரும் நகரவில்லை.

பார்த்ததுமே தெரிந்தது, இதுவும் சீலாதான். தடைக்காலம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இவர்களுக்குச் சொல்லச் சாக்குக்கூட இல்லை.

யார் வீட்டுப் பெட்டியோ. அந்த வீட்டுப் பெண் இந்த ஊரில் எந்த ஹாஸ்டலில் இருக்கிறாளோ.

"நல்ல மீனு ஆன்ட்டி. சாப்பிடுங்க" என்றேன்.

ஆன்ட்டி மூன்று துண்டு சாப்பிட்டார். "பாத்துக்க, இதுதான் வஞ்சிரம்" என்று பூமிகாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். சர்வர், நான் கேட்காமலே, எனக்கு மட்டும் இன்னொரு பிடி வெங்காயம் வைத்துவிட்டுப் போனார்.