எட்டாம் விதிக்குக் கெடு இல்லை

டோல்கேட், தண்டையார்பேட்டை
12-10-2025

கிளாஸ்கோ குளிரிலும் சட்டப் புத்தகத்திலும் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் மகள் எழில்மொழிக்கு, சி பிளாக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவரும், உன்னைப் பெற்றவனுக்கு அண்ணனும், உன் மார்க் ஷீட்டில் பன்னிரண்டு வருஷம் கையெழுத்துப் போட்டு வளர்த்தவனுமாகிய பெரியப்பா பக்தவச்சலம் எழுதிக்கொள்வது. உன் பெரியம்மா நலம், இரண்டு முட்டியும் நீங்கலாக. பூனை நலம். நான் நலமாக இல்லை, அதற்குக் காரணம் நீ. நீ நலமாக இருப்பதாகப் பெரியம்மா போனைப் பார்த்துச் சொன்னாள், அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் நீ நடுவில் புகுந்து விதி எண் சொல்கிறாய், காகிதத்தில் அது நடக்காது. எழுதி முடித்ததும் பெரியம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். எழுத்து தெரியவில்லை என்றால் விரலால் பெரிதாக்கிப் படி, படிக்காமலே படித்தேன் என்று சொல்லாதே.

இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கல் லீவுக்கு வந்தவள் கரும்பைக் கடித்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். சங்கத்தைப் பதிவு செய்யச் சட்டதிட்டம் வேண்டும் என்று செயலாளர் லோகநாதன் வந்து நின்றான். மற்ற பிளாக்காரர்கள் ஜெராக்ஸ் கடையில் மூன்று பக்க மாதிரியை வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நாம் அப்படியா. ஒவ்வொரு ஜனவரி இருபத்தாறும் கொடியேற்றுவதற்கு முன் அரசமைப்பின் முகப்புரையை மைக்கில் வாசித்து, சிக்னலில் நிற்கிற கன்டெய்னர் லாரிக்காரன் காதிலும் சமத்துவத்தையும் சகோதரத்துவத்தையும் ஊற்றி அனுப்புகிற பிளாக் இது. ஆகவே நீ நாட்டின் அரசமைப்பையே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். நாலு மாடி, அறுபத்து நாலு வீடு, ஒரு தண்ணீர் மோட்டார், நாளொன்றுக்குச் சராசரி நூற்றுப் பதினோரு சண்டை, இதற்கு நாடாளுமன்றம் வைத்தாய், மந்திரிசபை வைத்தாய், நீதிமன்றமும் வைத்தாய். பொதுக்குழு விதி செய்யும், செயற்குழு வேலை செய்யும், மூன்று பேர் புகார்க் குழு இருவரையும் கேள்வி கேட்கும். யார் கையிலும் முழு அதிகாரம் இருக்காது, ஒருவர் கையை இன்னொருவர் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், அதுதான் இதன் அழகு என்று விளக்கினாய். தலைவர் என்றால் குடியரசுத் தலைவர் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள் பெரியப்பா என்றாய். முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, கப்பலையே தூக்கிக் கொடியில் காயப்போட்டவன் நான். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு மேல் குடையும் மாடிப்படி நெடுகக் குதிரைப்படையும் தெரிந்தன. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பிளாக்கே படிக்காமல் கைதட்டியது. அப்புறம்தான் தெரிந்தது, எல்லாம் என் பெயரில் நடக்கும், எதையும் நான் நடத்த முடியாது. செயற்குழு சொன்னபடிதான் தலைவர் நடக்க வேண்டும், இது ஏழாம் விதி. பிடிக்காவிட்டால் ஒரே ஒரு முறை திருப்பி அனுப்பலாம், அவர்கள் அதையே மறுபடி அனுப்பினால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும், இது எட்டாம் விதி. ரப்பர் ஸ்டாம்புக்கு வேட்டி கட்டி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாய்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். காட்டுப்பள்ளித் துறைமுகம் கொள்ளாத அளவுக்கு எனக்குப் பொறுமை உண்டு. இப்போது பொறுக்க முடியாதது நடந்திருக்கிறது. நம் கட்டடத்தை வாரியத்துக்காரர்கள் இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். கட்ட வேண்டியதுதான், போன மாதம் மூன்றாம் மாடி நடையில் பெயர்ந்து விழுந்த காரை ஒரு எருமைக்கன்று எடை இருக்கும், மழை தொடங்கினால் முழு எருமையே விழும். புது வீடு யார் யாருக்கு என்று சங்கம் தீர்மானம் போட்டு, தலைவர் கையெழுத்தோடு இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் பட்டியல் தர வேண்டும், தராவிட்டால் இந்தச் சுற்றில் நம் பிளாக் கிடையாது. லோகநாதன் பட்டியல் போட்டான். கதவு அறுபத்து நாலு, பெயர் அறுபத்து மூன்று. விட்டுப்போனது ஒன்பதாம் நம்பர் குப்பம்மா.

குப்பம்மாவை உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டு உன்னை அவமானப்படுத்துகிறேன். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் வேலை முடித்து வந்து, குளித்த பிறகுதான் யார் வாசலிலும் நிற்பாள், நீ ப்ளஸ் டூ படிக்கும்போது உனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு நிற்பாள். அந்த வீடு அடைக்கலமேரி பெயரில் இருப்பது. பிள்ளைகுட்டி இல்லாத அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து பதினோரு வருஷம் ஊட்டியதும் துடைத்ததும் குப்பம்மாதான். அந்த அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது, இவள் அங்கேயே இருக்கிறாள். சொந்தம் கிடையாது, உயில் கிடையாது, கையில் ஒரு காகிதம் கிடையாது. உன் மூன்றாம் விதி என்ன சொல்கிறது, உறுப்பினர் என்பவர் ஒதுக்கீட்டு ஆணையில் பெயர் உள்ளவர் அல்லது அவருடைய வாரிசு. முடிந்தது. யாருக்கு என்ன அதிகாரம் என்று பதினெட்டுப் பக்கம் எழுதியவள், யார் நம்மவர் என்பதற்கு ஒன்றரை வரி எழுதியிருக்கிறாய். அந்த ஒன்றரை வரிச் சந்து வழியாக ஒரு மனுஷி முழுசாக வெளியே விழுந்துவிட்டாள். அரசமைப்பை ஒரே புத்தகமாக எழுதிவைத்துக்கொள்ளாத நாட்டில் போய் உட்கார்ந்து அரசமைப்புச் சட்டம் படிக்கிற உன்னிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

நான் பேனாவை எடுத்தேன். அறுபத்து நாலு என்று எண் போட்டுக் குப்பம்மா பெயரை எழுதி, சங்கத்து முத்திரையை ஓங்கிக் குத்தினேன், குத்திய குத்தில் எண்ணூர்ப் புகைபோக்கிகள் ஒரு நிமிஷம் மூச்சு விட மறந்தன. லோகநாதன் பொதுக்குழுவைக் கூட்டினான். உன்னை வீடியோவில் கூப்பிட்டு, அந்தப் போனைக் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி மேல் சாய்த்துவைத்து, எதிரில் மைக்கும் வைத்தார்கள். அறுபது பேர் முன்னால் நீ என்ன சொன்னாய். பெரியப்பாவுக்கு அந்த அதிகாரம் இல்லை, லோகு அண்ணன் சொல்வதுதான் சரி, தலைவர் தனியாக ஒரு பெயரைச் சேர்க்கலாம் என்றால் நாளைக்கு இன்னொரு தலைவர் தனியாக ஒரு பெயரை அடிக்கவும் செய்வார் என்றாய். கைதட்டினார்கள். வாளியிலிருந்து தீர்ப்பு வாங்கிய முதல் குடியரசுத் தலைவர் நான்தான். குப்பம்மா கடைசி வரிசையில் நின்றிருந்தாள், நீ அவள் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை, சேர்ப்பது அடிப்பது என்று பொதுவாகவே பேசினாய். நீ சொன்னது சரி என்பது எனக்கு அன்றைக்கே புரிந்தது. சரியானதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாயே, அதைத்தான் நான் மன்னிக்கப்போவதில்லை.

நானும் விடவில்லை, எட்டாம் விதிப்படி பட்டியலைத் திருப்பி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அதே பட்டியல் திரும்பி வந்தது. லோகநாதனே கொண்டுவந்து வாசலில் நின்று சொன்னான், காயிதம் இல்லாத ஒர்த்தர உள்ள வுட்டா நாளிக்கு நாப்பது பேரு மாமன் மச்சான்னு பாயத் தூக்கிகினு வருவான், அப்பால லிஸ்டே பூடும், ஒன் நல்ல மன்சுக்கு அறுவத்து மூணு குடும்பம் ரோட்ல நிக்கணுமா தலீவரே என்று. அதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை, அவன்மேல் எனக்கு இருக்கிற பெரிய கோபமே அதுதான். சரி, கையெழுத்துப் போடுவதற்கு முன் விதி என்னதான் சொல்கிறது என்று பார்க்க விதிப் புத்தகத்தை எடுத்து முதல் முறையாக முழுசாகப் படித்தேன். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை நாளைக்குள் என்று எழுதவில்லை. மகளே, நாட்டு அரசமைப்பில் இருந்த ஓட்டையைக்கூட விடாமல் காப்பியடித்திருக்கிறாய். பட்டியலை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தேன். கேட்டவர்களிடம், மாட்சிமை தங்கிய தலைவர் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். இன்றோடு பதினேழு நாள்.

இந்தப் பதினேழு நாளில் பிளாக்கில் என்னோடு பேசுவது பூனை மட்டும்தான். உன் பெரியம்மா தட்டை வைக்கிறாள், உன் சங்கதி தவிர வேறு எதற்கும் வாய் திறப்பதில்லை. மோட்டார் போட்டால் நம் வீட்டுக் குழாய்க்கு மட்டும் தண்ணீர் வழி மறந்துவிடுகிறது. தீபாவளிக்கு ஒரு வீட்டு அதிரசமும் வராது என்பது இப்போதே தெரிகிறது. லோகநாதன் நேற்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டான், டிவில மசோதா மேல குந்திகினு கீறாங்கன்னு தொண்ட கிய்ய கத்துனது யாரு, இப்ப இன்னா நைனா, ஒன் சீட்டுக்கு அடீல இன்னா கீது என்று. பூனைக்குப் பால் வாங்க வேண்டும் என்று சொல்லிப் படியிறங்கிவிட்டேன். நான் வாதாடாமல் இறங்கிப் போவது எவ்வளவு பெரிய சம்பவம் என்று உனக்குத் தெரியும். குப்பம்மாவும் வந்தாள். எனக்கோசரம் இத்தினி வயித்தெரிச்சல வாங்கிக் கொட்டிக்காத, கையெழுத்தப் போட்டுத் தொல, நான் எங்கனா ஒரு மூலைல கெடந்துக்கறேன், மேல காரை வுழுந்து ஒரு கொயந்தைக்கு இன்னாவது ஆச்சுன்னா நான் எப்டி சோறு துன்னுவேன் என்றாள். அவளோடும் சண்டை போட்டு அனுப்பினேன்.

இனி எழுதப்போவதை, போட்டோ எடுக்கும்போது பெரியம்மா படித்தால் போகட்டும், வேறு யாருக்கும் காட்டாதே. முதல் வாரம் நான் காகிதத்தை வைத்திருந்தது குப்பம்மாவுக்காக. பத்தாம் நாள், கணக்கிலும் வாயிலும் புலியான லோகநாதன் என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றான். நான் உள்ளே உட்கார்ந்து டீயைப் பாதி குடித்து, மீதியை ஆறவைத்து, மெதுவாகக் குடித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஒன்றும் செய்யாமலே அறுபத்து மூன்று வீட்டை நிறுத்திவைக்கிற சுகம் எந்தக் கிரேனிலும் கிடையாது. அந்த டீ முடிவதற்குள் குப்பம்மாவை நான் ஒரு முறைகூட நினைக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு என்னைப் பிடிக்கவில்லை, என்னிடம் இந்தச் சாவியைக் கொடுத்த உன்னையும் பிடிக்கவில்லை.

ஆகவே உனக்கு உத்தரவு, விதிப்படி எனக்கு உத்தரவிட அதிகாரம் இல்லை என்றால் அதை அங்கேயே வைத்துக்கொள். இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. விதியைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது நாற்பத்திரண்டு கை. ஏழு நாள் முன்னால் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். எழிலு எழுதிக் குடுத்தா ஓட்டுக்கு வுடறேன், நீ எழுதிகினு வந்தா கிய்ச்சிடுவேன் என்று லோகநாதன் சொல்லிவிட்டான். மூன்றாம் விதியைத் திருத்தி எழுது. காகிதம் இல்லாவிட்டாலும் இத்தனை வருஷம் குடியிருந்தவர், அக்கம்பக்கத்தார் இத்தனை பேர் சாட்சி சொன்னால் உறுப்பினர் என்று, குப்பம்மா உள்ளே வரும்படியும் லோகநாதன் பயப்படுகிற நாற்பது மச்சான்கள் வராதபடியும் எழுது, படித்தவள்தானே. எழுதி அனுப்பிவிட்டு ஓடிவிடாதே. வாளி மேல் மறுபடி ஏறி, இந்த முறை குப்பம்மா பெயரைச் சொல்லிக் கேள். எட்டாம் விதிக்கும் கெடு போடு. ஏழு நாளைக்குள் தலைவர் கையெழுத்துப் போடாவிட்டால் போட்டதாகவே கொள்ளப்படும் என்று எழுது. அதை நோட்டீஸில் முதலில் வை.

நாற்பத்திரண்டு கை எழாவிட்டால் இருபத்தொன்பதாம் தேதி நான் கையெழுத்துப் போடுவேன். குப்பம்மா பெயர் இல்லாத பட்டியலில்தான் போடுவேன், போட்டுவிட்டு நேராக ஒன்பதாம் நம்பருக்குப் போய் நானே அவளிடம் சொல்வேன். என்ன வார்த்தை சொல்வது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், இதுவரை ஒன்றும் வரவில்லை.

வரைவு பதினெட்டாம் தேதிக்குள் வந்துசேர வேண்டும், பத்தொன்பது காலையில் ஒட்ட வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நூறு வயசு நன்றாக இரு, உன் மேல் எனக்குக் கோபம் தீர அவ்வளவு காலமாவது ஆகும்.

சிறிதும் சமாதானமாகாத பெரியப்பா,
கி. பக்தவச்சலம்
தலைவர் (அதிகாரம் இல்லை)