எல்சி உன் பெயரில்தான் இருக்கிறது

நேற்று மதியம் என் அச்சுக் கடையில் யூபிஎஸ் கத்தியது. கரண்ட் போய் உடனே வந்துவிட்டது. இப்போதெல்லாம் அப்படித்தான், ஒரு தும்மல் போடுகிற நேரம்தான் போகிறது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்து ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ட்ரிப் ஆயிருக்குடா, இதோ போடுவான் பாரு" என்று சொல்லியிருப்பாய். சப்ஸ்டேஷனில் ஷிஃப்ட் முடிந்து வந்து என் கடையில் உட்கார்ந்திருக்கும்போதும், திண்டிவனத்துக்கே நீதான் கரண்ட் விடுவதாக ஒரு நினைப்பு உனக்கு.

ஸ்டூலில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருந்தது. மானிட்டரின் மேல் ஓரத்தில் நீ ஒட்டிய அட்டை அப்படியே இருந்தது. 'ஆள் மேலே இருக்கிறார். போடாதே.' பத்திரிகை அட்டையின் பின்பக்கம் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் நீ எழுதியது. சிவப்பு வெளிறி இப்போது கேப்பைக் கூழ் நிறத்துக்கு வந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் மேலே யார் இருக்கிறார் என்று கேட்பார்கள். மாடியில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

அந்த விளையாட்டை முதலில் நீ மதிக்கவே இல்லை. விழுப்புரத்தில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில், வேலை இல்லாத மதியங்களில் நான் அதை ஆடிக்கொண்டிருந்தேன். விண்வெளியில் ஒரு நிலையம் கட்டி, ஆட்களைக் குடிவைத்து, காற்றும் தண்ணீரும் சோறும் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தவறு செய்தால் பின்னால் போக முடியாத கடினமான ஆட்டம், போனது போனதுதான். நீ டிபன் டப்பாவில் அவித்த வேர்க்கடலையோடு, நம் ஊர் மல்லாட்டையோடு, வந்து நின்றாய்.

"ஊரே இல்லாத எடத்துல ஊரு கட்டிக்கினு இருக்கியே, பட்டா யாருடா குடுத்தா?"

அப்புறம் திரையில் மின்சாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் கோடுகளைப் பார்த்தாய். டப்பாவைக் கீழே வைத்தாய். "இது எங்க சிங்கிள் லைன் டயகிராம் மாதிரியே இருக்குதே" என்றாய். அன்றோடு மவுஸ் உன் கைக்குப் போயிற்று.

முதல் நிலையத்தை நீ கொன்ற விதம் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு. மின்சாரம் போதவில்லை. நீ உன் தொழிலைக் காட்டினாய். முறை வைத்து வெட்ட ஆரம்பித்தாய்: வீடுகளுக்குக் கொஞ்ச நேரம், சமையல் கூடத்துக்குக் கொஞ்ச நேரம். தோட்டப் பகுதியைப் பார்த்ததும் உனக்கு யோசனையே வரவில்லை. நம் ஊர்ப் பம்புசெட்டு லைனைப்போல நினைத்து, ராத்திரியில் மட்டும் கரண்ட் கொடுத்தாய். அங்கே தோட்டம்தான் எல்லோருக்கும் மூச்சுக்காற்று. நான் டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் மொத்த ஊரும் சாய்ந்துவிட்டது.

"விவசாய ஃபீடருன்னு நெனச்சிட்டேன்டா," என்றாய். நிஜமான ஆட்கள் போனதுபோல உன் முகம் சுண்டிப்போயிருந்தது. "இது ஆஸ்பத்திரி ஃபீடர்."

அடுத்த நிலையத்தில் குடியிருப்பவர்களுக்கெல்லாம் நீ பெயர் வைத்தாய். எதிர் டீக்கடைக்காரர், பேங்க் வாட்ச்மேன், கூட்டேரிப்பட்டில் உன்னோடு சண்டை போட்ட பஸ் கண்டக்டர், என் மாமியார். வெளியே போய்ச் சூரியத் தகடுகளைச் சரி செய்யும் ரிப்பேர் ஆளுக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "மேல ஏறுறவனுக்குத் தெரிஞ்சவங்க பேர வெக்கக் கூடாது," என்றாய். அதற்குமேல் கேட்க வேண்டாம் என்று உன் குரலில் இருந்தது.

அந்த நிலையத்தை முடித்துவைத்தவன் நான். ரிப்பேர் ஆள் இன்னும் வெளியே இருக்கும்போதே தகட்டு லைனின் சுவிட்சைப் போட்டுவிட்டேன். திரையில் ஒரு சின்னப் பொறி, அவ்வளவுதான். அவன் போனான், ரிப்பேருக்கு வேறு ஆள் இல்லாமல் நிலையமும் பின்னாலேயே போனது. எனக்கு அது ஆட்டம். நீ எழுந்து வாசலுக்குப் போய்விட்டாய். திரும்பி வந்தபோது கோபத்தில் உன் காது சிவந்திருந்தது.

"எல்சி எடுத்தவன் திரும்பி வந்து, தன் வாயால குடுக்காம எவனும் போடக் கூடாது. அதிகாரியே போன் பண்ணாலும் போடக் கூடாது. ஊரே இருட்டுல கெடக்கட்டும்."

எல்சி என்றால் லைன் கிளியர் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். கம்பத்தில் ஏறுகிறவர் முதலில் லைனை அணைக்கச் சொல்லித் தன் பெயரில் எல்சி வாங்குவார். இறங்கி வந்து அவரே அதைத் திருப்பித் தர வேண்டும். அதுவரை அந்த சுவிட்ச் அவருடையது. அன்றே அந்த அட்டையை எழுதினாய். அதன்பின் நம் கடையிலும் அதுதான் சட்டம். ரிப்பேர் ஆளை அனுப்பும்போது நீ அட்டையை ஒட்டுவாய், "எல்சி என் பேர்ல" என்பாய். அவன் உள்ளே வந்து கதவு மூடியதும் "எல்சி ரிட்டர்ன்" என்று சொல்லி அட்டையை எடுப்பாய். அப்புறம்தான் நான் போடுவேன். இரண்டு பெரிய ஆம்பிளைகள் இதைச் செய்வதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

மூன்றாவது நிலையம்தான், அதே பெயர்களோடு, நிலைத்தது. அதில்தான் அந்த மதியம். விண்கல் பட்டுச் சூரியத் தகடு போய்விட்டது. தோட்டம் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நீ அட்டையை ஒட்டி ரிப்பேர் ஆளை அனுப்பினாய். அவன் தகட்டுக்குப் போய்ச் சேர்ந்த நேரம், நீ நெஞ்சைத் தடவிக்கொண்டாய்.

"வாயு மாரி இருக்குடா. ஆட்டத்த நிறுத்தி வை. நாளைக்கு வந்து எல்சி குடுத்துடறேன். தொடாத, ஆமா."

நிறுத்தி வைத்தேன். நீ வண்டியை உதைத்துக் கிளம்பிப் போனாய். மறுநாள் உன் மனைவி போன் செய்தார், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக. நான் வந்து நின்றபோது மூக்கில் குழாயோடு கண்ணைத் திறந்தாய்.

"போட்டியா?"

"இல்லடா."

"நல்லது."

நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். உன்னை வீட்டில் கிடத்தி, மாதா கோயிலில் பூசை வைத்து, கல்லறைக்குக் கொண்டுபோனோம். நான்தான் நினைவுப் பூசைக்கு அட்டை அடித்தேன். உன் படத்தைச் சரியாக வெட்டுவதில் கவனமாக இருந்ததால் அன்று எனக்கு அழுகை வரவில்லை. பிறகு ஒரு நாள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தபோது வந்தது. நீ இல்லாதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்துச் சொல்வதால் சாதாரணமாகச் சொல்ல முடிகிறது.

அந்த நிலையத்தை நான் திறக்கவே இல்லை. இப்போது கம்ப்யூட்டர் உள்ளே கரகரவென்று சத்தம் போடுகிறது. மெக்கானிக் காது வைத்துக் கேட்டுவிட்டு, வேறு வாங்கிவிடுங்கள், ஆனால் புதியதில் இந்தப் பழைய விளையாட்டு ஓடாது என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் செத்தால் நிலையமும் அப்படியே போய்விடும், ரிப்பேர் ஆள் வெளியே நின்றபடி. அதை நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எல்சி உன் பெயரில் இருக்கிறதே, நான் எப்படிப் போடுவது?

நேற்று யூபிஎஸ் கத்திய கொஞ்ச நேரத்தில் உன் ஷிஃப்டில் வேலை பார்த்தவர் வந்தார். அந்தக் கல்யாணப் பத்திரிகைகள் அவர் மகளுக்குத்தான். கட்டை எடுத்துக் கொடுக்கும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்: எல்சி எடுத்தவர் வரவே முடியாமல் போய்விட்டால்?

அவர் அட்டையைப் பார்த்தார். உன் கையெழுத்து அவருக்குத் தெரியாதா என்ன.

"அப்டியே உட்டுட முடியுங்களா? யாராச்சும் நேர்ல போவணும் சார். லைன் மேல யாரும் இல்லன்னு கண்ணால பாக்கணும். இருந்தா எறக்கிக் கூட்டிக்கினு வரணும். அப்பறம் தாராளமா போடலாம்."

அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நிலையத்தைத் திறந்தேன். ரிப்பேர் ஆள் நீ விட்ட இடத்திலேயே தகட்டின் மேல் இருந்தான். அதற்குமேல் நிறுத்தி வைக்கவில்லை. நேரத்தை ஓட விட்டேன். அவன் வேலையை முடித்தான். தகட்டுக் கேபிள் ஓடும் சுவரைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி நடக்க ஆரம்பித்தான். உள்ளே பேட்டரி இறங்கியது. தோட்டத்தில் விளக்குகள் மங்கின. கண்டக்டர் உட்கார்ந்துவிட்டார். என் மாமியார் படுத்துவிட்டார். டீக்கடைக்காரர் விழுந்தார். சுவிட்சைப் போட்டால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அவனைத் தவிர. ஜல்தி வாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். கை மவுஸில் இருந்தது, போடவில்லை. ஊரே இருட்டில் கிடக்கட்டும் என்று நீ சொன்னது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவன் உள்ளே வந்தான். கதவு மூடியது. "எல்சி ரிட்டர்ன்" என்று உனக்காக நானே சொன்னேன். அட்டையை உரித்தேன். போட்டேன்.

தோட்டம் வெளிச்சமாயிற்று. கண்டக்டர் எழுந்தார், மாமியாரும் எழுந்தார். டீக்கடைக்காரர் எழவில்லை. இன்று காலை அவர் கடையில் டீ குடித்தபோது அவரை நேராகப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. உன்னிடம் சொல்லியிருந்தால் அவரிடமே போய்ச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

கம்ப்யூட்டர் இன்னும் எத்தனை நாள் தாங்குமோ தெரியாது. அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. நேற்று அணைப்பதற்கு முன் ஒரு வேலை செய்தேன். அந்த ரிப்பேர் ஆளைத் தோட்ட வேலைக்கு மாற்றினேன். இனி அவனை வெளியே அனுப்பப் போவதில்லை. மேலே ஏறாதவனுக்குத் தெரிந்தவர் பெயர் வைக்கலாம் அல்லவா? உன் பெயரை வைத்தேன்.