தோழியின் புத்தகத்தில் விழுந்த என் ஐந்து

அனுப்புநர்
ஐசிரெக் ஜோல்தோஷோவா,
மூன்றாம் ஆண்டு, கால்நடை மருத்துவம்,
மாணவியர் விடுதி, அறை எண் 34,
கோக்சாய்.

பெறுநர்
மாண்புமிகு ரெக்டர் அவர்கள்,
மலைநாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகம்,
கோக்சாய்.

பொருள்: ஒட்டுண்ணியியல் தேர்வில் நான் பெற்ற மதிப்பெண் அறைத்தோழியின் மதிப்பெண் புத்தகத்தில் பதிவானது – இருவரையும் நீக்காமல் எனக்கு மறுதேர்வு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தப் பருவத்தின் ஐந்து தேர்வுகளில் நான்கில் தேறியுள்ளேன். ஐந்தாவதிலும் முழு மதிப்பெண்ணான ஐந்து வாங்கினேன். ஆயினும் ஐந்தாவது தேர்வுக்கு நான் வரவே இல்லை என்று தங்கள் அலுவலகப் பட்டியல் சொல்கிறது. இது எப்படி நடந்தது என்பதை ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். இதில் என் முட்டாள்தனமும் உண்டு.

2. தேர்வுக்கு முந்திய நாள் மாணவர்கள், தேர்வாளர் மதிப்பெண் எழுதிக் கையெழுத்திடும் மதிப்பெண் புத்தகத்தைச் சன்னலுக்கு வெளியே விரித்துப் பிடித்து, "ஓசி மார்க்கே, வா வா!" என்று கத்துவது தாங்கள் அறியாததல்ல. ஓசி உள்ளே வந்ததும் புத்தகத்தைப் பட்டென்று மூடி, நூலால் கட்டி, குளிரில் வைத்துவிட வேண்டும். தேர்வாளர் கையில் கொடுக்கும்வரை திறக்கக் கூடாது, திறந்தால் பறந்துவிடும். சனவரி 15 பிற்பகல் நானும் என் அறைத்தோழி ஜிபார் மம்பெதோவாவும் ஒரே சன்னலில் நின்று இதைச் செய்தோம். இரண்டும் ஒரே நீல அட்டை. இரண்டையும் ஒரே சிவப்பு நூலால் தனித்தனியே கட்டி, இறைச்சி வைப்பதற்காகச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கும் பையில் போட்டோம். மேலே பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

3. மறுநாள் விடிவதற்குள் ஜிபாருக்கு வயிற்றுவலி பொறுக்க முடியாமல் போயிற்று. ஆம்புலன்ஸ் வந்து அழைத்துச் சென்றது. குடல்வால் அறுவை நடந்தது. நான் பைக்குள் கையை விட்டு, அகப்பட்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டு தேர்வுக்கு ஓடினேன்.

4. அது வாய்மொழித் தேர்வு. கேள்விச் சீட்டு எடுத்தேன், ஆட்டின் ஈரலில் வரும் தட்டைப்புழு. சிறு வயதிலிருந்து எங்கள் தொழுவத்தில் அதைப் பார்த்து வளர்ந்தவள் நான், தடையின்றிச் சொன்னேன். பேராசிரியர் துர்தகுன் அவர்கள் கத்திரிக்கோலால் நூலை வெட்டியபடி, "இவ்ளோ தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஓசியை எதுக்கும்மா கட்டி இழுத்துட்டு வந்தே?" என்று சிரித்தார். ஐந்து போட்டார், கையெழுத்திட்டார், மூடிக் கொடுத்தார். அவருக்கு இரு கண்ணிலும் புரை. புத்தகங்களில் ஒட்டியுள்ள முதலாண்டுப் புகைப்படங்களில் நானும் ஜிபாரும் ஒரே மாதிரி இரட்டைச் சடை. அவர் மீது நான் குறை சொல்லவில்லை.

5. கட்டடத்தின் வாசலைத் தாண்டும்வரை புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்பதும் அந்த வழக்கத்தில் சேர்ந்தது. எனவே திறக்காமலேயே படியில் நின்று அம்மாவுக்குத் தொலைபேசினேன். தெருவுக்குப் போய்த்தான் திறந்தேன். ஜிபாரின் முகம் இருந்தது. திரும்பி ஓடியபோது பேராசிரியர் கண் அறுவைக்காக அல்மாட்டி செல்லும் காரில் ஏறிப் போய்விட்டிருந்தார். புத்தகங்களைப் பார்த்து அவர் எழுதி வைத்த பட்டியலில் ஜிபாருக்கு ஐந்து, எனக்கு 'வரவில்லை'. ஏப்ரல்வரை அவர் வரமாட்டார், தொலைபேசியையும் எடுப்பதில்லை.

6. டீன் அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்காவான ஸாயிரா எஜே பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுதினவர் வந்து அடிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான்டி திருத்த முடியும். என்னையப் பாத்து அழுது என்ன பிரயோசனம்?" என்றார். மறுதேர்வு கேட்டேன். காரணமின்றி வராதவர்களுக்கு மறுதேர்வுக் குழு இல்லையாம். காரணம் சொல்வதற்கோ, நான் வந்திருந்தேனே ஐயா!

7. துணை டீன் எசென்பேக் அவர்களிடம் போனேன். வழக்கத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். "ஓசி வந்துச்சு பாரு, ஆனா வீடு மாறி வந்துருச்சு! நான் படிக்கிறப்போ மூணாவது மாடியிலருந்து ஆட்டினவன்தான்" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. ஜிபாரின் மருத்துவமனைச் சான்றிதழை மேசையில் வைத்தார். அன்று அவள் கட்டிலில் கிடந்ததற்கு அது சான்று. அப்படியானால் அவள் புத்தகத்தோடு வந்தது யார்? நான். ஒருவர் புத்தகத்தில் இன்னொருவர் தேர்வுக்கு அமர்ந்தால் விதிப்படி அது ஆள்மாறாட்டம். இருவரும் நீக்கப்பட வேண்டும். நான் வந்தேன் என்று நிரூபித்தால் குற்றவாளி. நிரூபிக்காவிட்டால் வராதவள். எலிப்பொறியிலாவது உள்ளே போன வழி ஒன்று இருக்கும்.

8. விடுமுறைக்கு விடுதியே காலியாகிவிட்டது. ஐந்து தேர்வுகளுக்கும் கையெழுத்து முடியாததால் நான் ஊருக்குப் போக முடியவில்லை. அடுத்த பருவத்தின் அட்டவணை கீழே ஒட்டப்பட்டுள்ளது. என் பிரிவில் பதினெட்டு பெயர்கள், என் பெயர் இல்லை. மார்ச் முதல் நாள் அந்தப் பதினெட்டுப் பேரும் ஆடுகள் ஈனும் பருவத்துப் பயிற்சிக்கு மலைப் பண்ணைக்குச் செல்வார்கள். மூன்று ஆண்டுகளாக நான் காத்திருப்பது அதற்காகத்தான். அம்மா தினமும் அழைக்கிறாள். "தெருவுக்கே சொல்லிட்டேன்டி, என் பொண்ணு அஞ்சு வாங்கிட்டாள்னு. குதிரைக் கறி ஊற வச்சிருக்கேன், எப்போ வரே?" என்கிறாள். பஸ் இல்லை, கணவாயில் பனி என்கிறேன். கணவாய் திறந்துதான் இருக்கிறது.

9. சனவரி 30 அன்று துணை டீன் அவர்கள் மீண்டும் அழைத்தார். தட்டச்சு செய்த ஒரு தாளை என் முன் வைத்தார். ஜிபார் என்னை வற்புறுத்தித் தன் புத்தகத்துடன் அனுப்பினாள் என்றும், நான் தோழமைக்குக் கட்டுப்பட்டுச் சென்றேன் என்றும் அதில் இருந்தது. "நான் உனக்கு நல்லதுதான் செய்றேன். ஒருத்தி போனா ஒருத்தி தப்பிக்கலாம். அஞ்சும் உன் பேருக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டு, என்னைத் தனியே விட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் தாளைப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினேன். இதற்காகத் தண்டனை இருப்பின் ஏற்கிறேன்.

10. அன்றே மருத்துவமனைக்குப் போய் ஜிபாரிடம் சொன்னேன். தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "கையெழுத்தைப் போட்டுருடி. நீ ஆட்டுக்குட்டி பிடிக்கப் போ. நான் எப்படியும் படிக்கிறதுல அரைகுறைதானே?" என்றாள். ஆள்மாறாட்டத்தில் நீக்கப்பட்டவரை இங்கே மீண்டும் சேர்ப்பதில்லை என்பது அவளுக்கும் தெரியும். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. ஏன் அவ்வளவு எளிதாகச் சொன்னாள் என்று. விடுதிக்கு வரும் வழியெல்லாம் அழுதேன்.

11. ஆகவே ஐயா, அந்த ஐந்து எனக்கு வேண்டாம். ஜிபாரின் புத்தகத்திலிருந்து அதை அடித்துவிட ஆணையிடுங்கள். உடல் தேறியதும் அவள் தன் தேர்வுக்குத் தானே வருவாள். என்னை பிப்ரவரி 6 அன்று கூடும் மறுதேர்வுக் குழுவின் முன் நிறுத்துங்கள். தாங்களே வந்து கேட்டாலும் சரி; ஒரு சீட்டு அல்ல, முப்பது சீட்டுகளையும் கேளுங்கள். ஒன்றுக்கு விடை தவறினாலும் என்னை மட்டும் நீக்குங்கள். ஆறாம் தேதி தவறினால் பதினோராம் தேதி பருவம் தொடங்கிவிடும். அதன்பின் எனக்குக் கதவு இல்லை.

தங்கள் ஒரு வரி ஆணைக்காக அறை எண் 34இல் காத்திருக்கிறேன்.

இணைப்பு:
அ) என் மதிப்பெண் புத்தகம். நூல் இன்னும் அவிழ்க்கப்படவில்லை.
ஆ) ஜிபாரின் மதிப்பெண் புத்தகம்.
இ) துணை டீன் அவர்கள் தந்த தாள். கையெழுத்திடும் இடத்தில் ஓர் எழுத்து மட்டும் இருப்பதைக் காண்பீர்கள். அது என் பெயரின் முதல் எழுத்து. நான்தான் எழுதினேன். ஜிபாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இடம்: கோக்சாய்
நாள்: 04.02.2019

இப்படிக்கு,
ஐசிரெக் ஜோல்தோஷோவா
(முழுக் கையெழுத்து)