ஆறாவது சரணமும் முன்னீர்பள்ளம் வளைவும்

பாளையங்கோட்டை
12.09.2024

அன்புள்ள சாராவுக்கு,

ஆண்டவர் கொடுத்த பெலத்தில் நான் இங்கே சுகமாக இருக்கிறேன். கோயம்புத்தூரில் மகள் வீட்டில் நீயும் டார்லினும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உன் கையில் மாவுக்கட்டைப் பிரித்து எட்டு நாள் ஆகிறதாம். பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் சொல்லித்தான் தெரியும். கட்டின புருஷனுக்கு அடுத்த வீட்டுக்காரி வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் கூப்பிட்டால் நீ "ம்" என்கிறாய். அதனால்தான் காகிதம் எடுத்தேன். முழுவதும் படி. நடுவில் மடித்து வைத்துவிடாதே.

உன் பிச்சிக்கொடி சுவரைத் தாண்டிவிட்டது. பூவைத் தங்கத்தாய் பறித்துக்கொள்கிறாள். நான் வைக்கிற புளிக்குழம்பை நானே இரண்டு நாள் சாப்பிடுகிறேன். குறை ஒன்றும் இல்லை. உப்புதான் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை.

இனி கார் விஷயம்.

போன வாரமும் டார்லின் அதையேதான் சொன்னாள். "வேகமாப் போயிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கப்பா, அம்மா வந்துருவா" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். விபத்து அன்றைக்கு மீட்டர் முள் ஐம்பதில் நின்றது. வளைவில் ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக் பிடித்தேன், கார் வாய்க்கால் ஓரத்தில் இறங்கியது, உன் மணிக்கட்டு முறிந்தது. இதைத்தான் போலீஸ்காரரிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், நம் சபை ஐயரவர்களிடமும் சொன்னேன். ஆனால் ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பதில் போகிற என் பியட் அந்தத் தூரத்துக்குள் நின்றிருக்க வேண்டும். ஏன் நிற்கவில்லை? மூன்று மாதமாக இது என்னைத் தூங்கவிடவில்லை.

முப்பத்தொரு வருஷமாக மாதத்தில் ஒரு ஞாயிறு முக்கூடலுக்கு உன் அக்கா வீட்டுக்குப் போகிறோம். தருவை தாண்டியதும் நீ அந்தக் கீர்த்தனையை எடுப்பாய். ஆறு சரணம். முன்னீர்பள்ளத்துக்கு அப்பால் அந்த வளைவு வரும்போது சரியாக முடிப்பாய். நான் கியரை மாற்றுவேன். இந்த வருஷம் தை மாதத்திலிருந்து அது சரிவரவில்லை. அன்றைக்கும் நீ, "வண்டி வேகமாப் போகுது, ஆறாவது சரணம் பாதியிலயே நிக்குது, வளைவு வந்துட்டு" என்றாய். நான், "வண்டி எப்பவும்போலத்தான் போகுது, உனக்கு வயசாயிட்டு, பாட்டு இழுக்குது" என்றேன். அடுத்த நிமிஷம் ஆடுகள். ஆஸ்பத்திரியிலும் உன் அக்கா வீட்டார் முன்னால் அதையே திரும்பச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ பாடவே இல்லையாம். அங்கே கோயில் ஆராதனையிலும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறாய் என்று டார்லின் சொன்னாள்.

போன மாதம் கார் பட்டறையிலிருந்து வந்தது. அலமாரியைக் குடைந்தபோது நீ பாடகர் குழுவுக்காகத் தனியாகப் பாடின பழைய கேசட் அகப்பட்டது. அதே கீர்த்தனை. காரில் போட்டுக்கொண்டு முக்கூடல் சாலையில் போனேன். தருவை தாண்டியதும் பொத்தானை அமுக்கினேன். முள் ஐம்பதிலிருந்து அசையவில்லை. வளைவு வந்தபோது உன் குரல் ஆறாவது சரணத்தின் நடுவில் இருந்தது.

முதலில் டேப்பைத்தான் சந்தேகப்பட்டேன். வீட்டுக்கு வந்து கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். கேசட் அட்டையில் உன் கையெழுத்தில் "ஐந்து நிமிடம் பத்து வினாடி" என்று எழுதியிருக்கிறாய். டேப்பும் அதே கணக்கில் ஓடியது. அது உன் நாற்பது வயதுக் குரல், சாரா. அதற்கு வயசாகியிருக்க வழியில்லை.

மறுநாள் காலையில் சாலையோரத்துக் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு ஓட்டினேன். ஒரு கல்லில் தொடங்கி அடுத்த பத்துக் கல் தாண்டினேன். என் மீட்டர் ஒன்பது கிலோமீட்டர்தான் என்றது. நெடுஞ்சாலைக்காரர்கள் கல்லைத் தப்பாக நட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பி வரும்போதும் எண்ணினேன். அப்போதும் மீட்டரில் ஒன்பதுதான்.

தை மாதம் பழைய அளவு டயர் கிடைக்கவில்லை என்று வேன் டயரை மாட்டச் சொன்னது நான்தான். ஹாஜா பட்டறையில் அப்போதே சொன்னான். "அண்ணாச்சி, இது பெருசு, முள் கொறச்சுக் காட்டும், பழைய அளவு வார வரைக்கும் பொறுங்க" என்றான். "ஏலே, புஸ்தகத்தைப் பார்த்தே இந்த இன்ஜினைப் பிரிச்சு மாட்டினவன் நான், எனக்கா சொல்லுதே" என்று அவன் வாயை அடைத்தேன். டிக்கியில் ஸ்டெப்னி மட்டும் பழைய அளவிலேயே கிடந்தது. அதில் சாக்பீஸால் கோடு போட்டு நம் தெருவில் பத்துச் சுற்று உருட்டினேன். பதினெட்டரை மீட்டர் போயிற்று. பிறகு வேன் டயரில் ஒன்றைக் கழற்றி அதேபோல உருட்டினேன். இருபது மீட்டரைத் தாண்டிவிட்டது. தங்கத்தாய் வாசலில் நின்று, "அண்ணாச்சி தனியா விளையாடுதாவ" என்றாள்.

மீட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரம் எத்தனை தரம் சுற்றியது என்று மட்டும்தான் தெரியும். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடத் தூரம் போய்விடும். மீட்டரோ பழைய அளவையே நினைத்துக்கொண்டு குறைத்துச் சொல்லும். முள் ஐம்பது என்றால் கார் ஐம்பத்தைந்தில் போகிறது. லிட்டருக்கு ஓடுகிற தூரம் குறைந்துவிட்டது, அளவில் கை வைக்கிறாய் என்று பெட்ரோல் பங்க்காரனிடம் நான் சண்டை போட்டதும் இதனால்தான். அவனிடமும் போக வேண்டும். இன்னும் போகவில்லை.

நான் ஐம்பது என்றது பொய் அல்ல. முள் ஐம்பதில்தான் நின்றது. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அந்த வளைவுக்குக் கார் ஐம்பத்தைந்தில் வந்திருக்கிறது. காருக்குள் அதைத் தெரிந்துகொண்டவள் நீ ஒருத்திதான். அதை நீ சொன்னபோது நான் என்ன சொன்னேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைத் திரும்ப இங்கே எழுதக் கை வரவில்லை.

ஹாஜாவிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "இனிமே மீட்டரைக் கழட்டிட்டு மதினியைக் கேட்டு ஓட்டுங்க அண்ணாச்சி" என்றான். உன் அக்கா வீட்டாரிடமும் நேரில் போய், பாட்டு இழுக்கவில்லை, வண்டிதான் ஓடியது என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் அக்கா காப்பி கொடுத்தாள்.

பழைய அளவு டயருக்கு மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன். வர ஒரு மாதம் ஆகும். அதுவரைக்கும் டார்லின் விட்டுப்போன நகப்பூச்சை எடுத்து, மீட்டர் கண்ணாடியில் நாற்பத்தைந்துக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். முள் அங்கே நின்றால் கார் ஐம்பதில் போகும். முள் அதைத் தாண்டாது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு முக்கூடல் கோயிலில் அசன விருந்து. நீ இல்லாமல் நான் பந்தியில் உட்கார்ந்தால் எல்லாரும் என்னையே பார்ப்பார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ரயிலேறினால் ஜங்ஷனுக்கு நான் வந்து நிற்பேன். இந்தக் காரில் ஏற மனம் இல்லையென்றால் சொல்லு, பஸ்ஸில் போவோம். பையைத் தூக்காதே. அந்தக் கையில் தண்ணீர்ச் செம்புகூட வேண்டாம்.

பாடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீ போகிற வழியெல்லாம் ஆண்டவர் உன் பக்கத்தில் இருக்கட்டும். காரில் ஏறினால், தருவை தாண்டி நீயாக எடுத்தால், பைய, நிதானமாக எடு. ஆறு சரணமும் முடிந்த பிறகுதான் வளைவு வரும்.

இப்படிக்கு,
உன்
கிருபைராஜ்