ஆகாயத்தில் கட்டிய தாலி

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், அக்கா. எனக்குப் பிடிக்காததையும் விடமாட்டேன். அழகாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்கவும் மாட்டேன். கட்டுரையில் நான் உவமைகளை அள்ளிப் போடுகிறேன் என்று தமிழாசிரியை சிவப்பு மையால் சுழிக்கிறார். இதில் அவருக்கு வேலை வைக்கப் போவதில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் விடுதியில் சாம்பிராணியோடு குங்கிலியமும் போட்டார்கள். புகை கூடத்துக்குள் வந்ததும் மற்றவர்கள் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். எனக்கு உன் உள்ளங்கைதான் நினைவுக்கு வந்தது. அந்தரத்தில் தொங்கும் ஊஞ்சல் பார் வழுக்காமலிருக்க நீ குங்கிலியப் பொடியைத் தேய்த்துக்கொள்வாய். அந்தக் கையாலேயே என் கன்னத்தைக் கிள்ளுவாய். வீட்டுக்குப் போனதும் அம்மா மோந்து பார்த்துவிட்டு, "சர்க்கஸ்காரிகிட்டப் போயிட்டு வந்தியா?" என்பாள். பொய் சொல்ல முடியாத வாசனை அது.

பிரார்த்தனை முடிந்தது. சேலத்துக்கு ஏதோ ஒரு சர்க்கஸ் வந்திருக்கிறது, அழைத்துப் போங்கள் என்று சின்னப் பிள்ளைகள் கேட்டார்கள். விடுதி அம்மா மறுத்ததோடு ஒரு கதையும் சொன்னார். திருச்செங்கோட்டில் ஒரு சர்க்கஸ்காரி தாலியை வைத்துக் கூத்தடித்தாளாம். தெய்வம் பொறுக்கவில்லையாம். அடுத்த முகாமிலேயே அந்தரத்திலிருந்து விழுந்து செத்தாளாம்.

நான் எழுந்து நின்றேன். "அது பொய்ங்க" என்றேன்.

ஏன் பொய் என்பதைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் சர்க்கஸ் எங்கள் திருச்செங்கோட்டுக்கு வந்த வருஷம் பருத்திக்கும் கடலைக்காய்க்கும் விலை கேட்க ஆளில்லை. வீடு நிறைய மூட்டை கிடந்தது. உப்பு வாங்கக் காசில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் சந்தை மைதானத்தில் உங்கள் கூடாரம் முளைத்தது. ஒட்டுப்போட்ட கூடாரம். யானையை எங்கேயோ விற்றுவிட்டு வந்திருந்தீர்கள். சிங்கமும் இல்லை, ஆனால் சிங்கக் கூண்டு இருந்தது. "கூண்டைப் பார்த்தா சிங்கம் பின்னால வருதுன்னு நினைச்சுக்குவாங்க, தங்கச்சி" என்றாய். குதிரைகளின் விலா எலும்பை வாசலிலிருந்தே எண்ணலாம்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க நீதான் வருவாய். முதல் நாள் நான் "வாங்க அக்கா" என்றதும் திரும்பிப் பின்னால் பார்த்தாய். "என்னையா? என்னை யாரும் வாங்கன்னதில்லை. நீ, வான்னு சொல்லு. அப்பத்தான் எனக்குக் காது கேட்கும்." ஆத்தூர்ப் பக்கத்துக்காரி நீ. அரிசி மில் மூடியபோது உன் மாமன் உன்னைச் சர்க்கஸில் விட்டுவிட்டுப் போனான். அதைச் சொல்லும்போது உன் குரலில் வருத்தம் இருந்ததாக எழுதினால் பொய்யாகிவிடும். "விட்டுட்டுப் போனவன் வண்டிக் கூலியாவது குடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்று சிரித்தாய்.

ஆண்டியப்பன் அண்ணனை நான் முதலில் பார்த்தது தலைகீழாகத்தான். மேலே எதிர்ப் பாரில் முழங்காலை மாட்டித் தொங்கிக்கொண்டு, நீ பறந்து வரும்போது பிடிக்கிறவர் அவர். தரையில் அவர் அதிகம் பேசாதவர். ஒரு மத்தியானம் களி உருண்டையில் பாதியை உன் வட்டிலில் தள்ளினார். நீ அதை அவர் வட்டிலுக்குத் திருப்பித் தள்ளினாய்.

"சாப்பிடு."

"கனமாயிட்டா யாரு புடிக்கறது?"

"அது புடிக்கறவன் கவலை."

உருண்டை மறுபடி இந்தப் பக்கம் வந்தது. குதிரைக்காரர் பொறுமை இழந்து, "அட, ஆராச்சும் ஒருத்தர் தின்னுங்கப்பா! இல்லீன்னா குதிரைக்குப் போடுங்க, அது சண்டை போடாம தின்னும்" என்றார்.

உங்கள் இருவர் கலியாணத்துக்குச் சர்க்கஸ் முதலாளி சம்மதிக்கவில்லை. அவரும் கெட்டவரில்லை, எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார். ஆனால் நோட்டீசில் உன் பெயருக்கு முன்னால் 'குமாரி' என்று போட்டால்தான் கூட்டம் வரும் என்று நம்பினார். கலியாணமானால் பிள்ளை வரும், பிள்ளை வந்தால் பார் விளையாட்டு நின்றுபோகும் என்றும் பயம். ஒவ்வொரு ஊரிலும் "அடுத்த முகாம்ல பார்க்கலாம்" என்பாராம்.

கூடாரம் காலியாகவே கிடந்தது. ஒரு நாள் மலைக்கோயிலில் கலியாணம் முடித்துத் திரும்பிய கூட்டம் மைதானத்தைத் தாண்டிப் போயிற்று. கூடாரத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காத ஜனம் கலியாணத்துக்கு இத்தனை பேரா என்று முதலாளி வாய் பிளந்தார். மறுநாள் மாட்டு வண்டியில் டிரம் அடித்துக்கொண்டு ரோஸ் நிற நோட்டீஸ் கொடுத்தார்கள். 'ஆகாயத்தில் திருமணம்! அனைவரும் வருக!' மேலே பலகையில் ஆண்டியப்பன் உனக்குத் தாலி கட்டுவார். ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மறுநாள் மறுபடி கட்ட வேண்டும். இங்கே முடிந்தால் நாமக்கல், ராசிபுரம் என்று ஊர் ஊராக நீ தினம் கலியாணப் பெண்.

உடனே சம்மதித்துவிட்டாய் என்று கேட்டதும் எனக்குக் கோபம். கிணற்றடியில் சண்டைக்கே வந்தேன். நீ குடத்தை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "கட்டச் சொல்றது முதலாளி. அவுக்கறதும் அவுக்காததும் நான்." பிறகு, "முதலாளி ஜிகினாக் காகிதத்துல ஒரு தாலி செஞ்சு வெச்சிருக்கார். அது எனக்கு வேண்டாம். நல்ல மஞ்சள் கிழங்கு ஒண்ணு கொண்டாருவியா?" என்றாய்.

அம்மாவின் அடுக்குப் பானையில் கை விட்டபோது அவள் பின்னால் நின்றாள்.

"மஞ்சள் என்னத்துக்கு அம்மிணி?"

சொல்லிவிட்டேன். முதுகில் ஒன்று விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அம்மா என் கையிலிருந்த கிழங்கை வாங்கிப் பானைக்குள் போட்டாள். அதைவிடப் பெரியதாக, முனை உடையாத ஒன்றைத் தேடி எடுத்து என் கையில் வைத்தாள்.

சாயங்காலம் கூட்டம் வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்களோ, நோட்டீசை அழைப்பென்றே எடுத்துக்கொண்டார்கள். டிக்கெட் கொடுக்குமிடத்தில் ஒருவரும் காசு நீட்டவில்லை. கடலைக்காய், ராகி, அவரை, ஒரு பெரிய அரசாணிக்காய் என்று கையில் கொண்டுவந்து, "மொய் எங்கீங்க வாங்கறாங்க?" என்று கேட்டார்கள். அம்மாவும் ஒரு வல்லம் ராகியை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

டிக்கெட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, இது ஆட்டம்! டிக்கெட்டு!"

"கலியாணத்துக்கு வரச் சொல்லிப்போட்டு டிக்கெட்டு கேக்கறீங்களே, இது எந்த ஊரு நாயமுங்க?"

முதலாளி ஓடி வந்தார். தானியத்தைப் பார்த்தார். பசித்த மனிதர், பசித்த குதிரைகள். "வாங்கி வை, வாங்கி வை! எல்லாரும் உள்ள வாங்க!" என்று இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். அதுதான் அவர் செய்த தப்பு.

நீ பறந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை. அவர் பிடித்தார். இரண்டு பேரும் பலகையில் ஏறி நின்றீர்கள். பேண்டுக்காரர் பெரிய டிரம்மைக் கெட்டி மேளமாக அடித்தார். கீழேயிருந்து நாங்கள் வீசிய மஞ்சள் அரிசி உங்களை எட்டாமல் எங்கள் தலையிலேயே விழுந்தது. மூன்றாவது முடிச்சைப் போட்ட பிறகு, அவிழாதா என்று அவர் இழுத்துப் பார்த்தார்.

முதலாளி நடுவில் வந்து கையுயர்த்தினார். "நாளைக்குச் சாயங்காலம் இதே திருமணம் மறுபடி நடக்கும்! உறவு சனத்தோட வாங்க!"

முன்வரிசையில் ஒரு பெரியவர், "ஏனுங்க, நாளைக்கு மாப்பிள்ளை ஆருங்க?" என்று கேட்டார். கூடாரமே சிரித்தது.

நீ நூலேணியில் இறங்கி வந்து நின்றாய். "நாளைக்குக் கலியாணம் இல்லைங்க. எனக்கு இன்னைக்கே ஆயிடுச்சு."

"விளையாடாதே. கயித்தைக் கழட்டு."

"கழட்ட மாட்டேன்."

"கழட்டலைன்னா ரெண்டு பேரும் இப்பவே முகாமை விட்டுப் போகணும்."

ஆண்டியப்பன் அண்ணன் உன் பக்கத்தில் வந்து நின்றார். போக்கிடம் இல்லாத இரண்டு பேர்; உடுத்தியிருந்த ஜிகினா உடுப்புகூட முதலாளியுடையது. நீ கண்ணைத் தாழ்த்தவில்லை.

அப்போதுதான் என் பக்கத்திலிருந்த அம்மா எழுந்தாள். கூட்டத்தில் வாய் திறந்து நான் கேட்டறியாத அம்மா.

"ஏனுங்க முதலாளி, மொய் வாங்குனீங்கல்ல?"

"அது... டிக்கெட்டுக்குப் பதிலா வாங்கினதும்மா."

"நாங்க டிக்கெட்டு வாங்க வரலீங்க. மொய் வெக்க வந்தோம். மொய் வெச்சுப்போட்டா அது கலியாணந்தானுங்க. எங்க மலை மேல சாமி பொஞ்சாதியப் பாதி ஒடம்பா வெச்சுட்டு நிக்கறாரு. ஆட்டம் முடிஞ்சுது, அந்தப் பாதியக் கழட்டி வெய்யின்னு ஆராச்சும் அவருகிட்டச் சொல்லுவீங்களா?"

"ஊட்டுக்கு வந்த பொண்ணு, தாலியக் கழட்டச் சொன்னா ஆகுமா?" என்று இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். பிறகு யார் என்ன பேசினார்கள் என்று பிரித்துக் கேட்கவே முடியவில்லை.

"நாளைக்கு இவங்க எல்லாரும் என்ன தின்னுவாங்க?" என்று முதலாளி கத்தினார். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நீதான் சொன்னாய்: "நாளைக்கும் பறக்கறோம், முதலாளி. புருஷன் பொண்டாட்டியாப் பறக்கறோம். பார்க்க வரவங்க வரட்டும்."

முதலாளி எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். சமையல்காரர் மெல்ல அவர் பக்கத்தில் வந்து, "முதலாளி, இந்த அரசாணிக்காயைக் கலியாணக் குழம்பு வெக்கறதா, நாளைக்குச் சாதாக் குழம்பு வெக்கறதா?" என்று கேட்டார்.

"வை, வை. இன்னைக்கே வை" என்று சொல்லிவிட்டு முதலாளி வெளியே போனார்.

இதையும் எழுதத்தான் வேண்டும்: மறுநாள் கூடாரம் நிறையவில்லை. பாதிகூட இல்லை. உங்கள் இருவருக்கும் அந்த முகாமில் கூலி கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். மொய் ராகி தீர்ந்ததும் நீங்கள் வண்டி கட்டிக்கொண்டு நாமக்கல் பக்கம் போனீர்கள். ஆனால் அங்கே ஒட்டிய நோட்டீசில் 'குமாரி' இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

போன பொங்கல் விடுமுறையில் ஆண்டியப்பன் அண்ணன் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். மேட்டூர் அணைக்கட்டு வேலை நடந்த இடத்தில் கூலிக்காரர்களுக்காக முகாம் போட்டிருந்தார்களாம். காடு வெட்டிய இடம், கொசு. முதலில் குதிரைக்காரருக்குக் குளிர்காய்ச்சல், பிறகு உனக்கு. கொய்னா மருந்து வாங்கி வருவதற்குள் உனக்கு நினைவு தப்பிவிட்டது. மஞ்சள் கயிறு உன் கழுத்தோடேயே போயிற்று.

அம்மா அவருக்குச் சோறு போட்டாள். அவர் சாப்பிடவில்லை. "ஊர்ல எல்லாரும் அவ விழுந்துட்டான்னு பேசறாங்கம்மா. விழுந்தான்னா நான் கையை விட்டுட்டேன்னுதானே அர்த்தம்? நான் ஒரு நாளும் விட்டதில்லைம்மா." அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் பிறகு எந்த ஊருக்குப் போனார் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பேச்சு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அதனால்தான் இன்று என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. விடுதி அம்மா நாளைக் காலைப் பிரார்த்தனையில் எல்லோர் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். கேட்காவிட்டால் அப்பாவை வரவழைப்பாராம். என்னை ஊருக்கு அனுப்பிவிடுவாராம். எனக்குப் படிப்பு வேண்டும், அக்கா. எவ்வளவு வேண்டும் என்று உனக்குத் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது.

பக்கத்துக் கட்டில்காரி இப்போது கேட்டாள்: "வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டா என்னடி? யாருக்குத் தெரியப் போவுது?"

ஆண்டியப்பன் அண்ணன் கைகளுக்குத் தெரியும். நாளைக்கு நான் எழுந்து நிற்பேன். சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் கேட்கும்படி, இன்று சொன்னதையே சொல்வேன். நீ விழவில்லை. அவர் விடவில்லை. அப்பாவை வரவழைக்கட்டும், அம்மாவும் கூட வருவாள்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.