கிண்ணத்தைச் சோதித்த மகளுக்கு

ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களைக் குறித்து ஆராய்ந்துவரும் மதிப்பிற்குரிய என் மகளுக்கு, உன் தாய் வாழ்த்துக் கூறி எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய தயவினால் இவ்வீட்டில் மூவரும் சுகமாயிருக்கிறோம். நீயும் வேளாவேளைக்கு உண்டு, போதிய அளவு உறங்கி, சுகமாயிருக்கிறாய் என்றே நம்புகிறேன். உன் கடிதம் கைக்கு வந்து ஏழு வாரங்கள் கடந்த பின்னரே பதில் எழுதுகிறேன்; இத்தாமதத்திற்கு முதற்கண் உன் மன்னிப்பை வேண்டுகிறேன். சோம்பலோ கோபமோ காரணமன்று. நீ கேட்டிருந்த கேள்விக்கு வெறும் சொல்லால் பதில் தரலாகாது, ஏதேனும் செய்துவிட்டே எழுதவேண்டும் என்று உறுதி பூண்டிருந்தேன். இரண்டு காரியங்கள் செய்தேன். ஒன்று கௌரவமாக முடிந்தது, மற்றொன்று கேவலமாக முடிந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அதற்கு முன் வீட்டுச் செய்தி. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி பெருமளவு குறைந்திருக்கிறது. ஆயினும் மாடிப்படி ஏறுகையில் பேருந்து ஓட்டிய காலத்து நினைவில் நாலு படிக்கு ஒரு நிறுத்தம் போடுகிறார், பின்னால் பையோடு நிற்கும் என்னைப் பார்த்து "இறங்குறவங்க இறங்கலாம்மா" என்கிறார். உன் தம்பிக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆனால் நம் கட்டடத்து லிஃப்ட் மட்டும் இன்னும் ஓடவில்லை, கேட்டால் அது வேறு நிறுவனத்துடையது என்று சட்டம் பேசுகிறான். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை எனக்கு அளவாக இருக்கிறது. நிறம் சற்று இளமையானது என்று மருத்துவமனையில் உடன் வேலை செய்வோர் சொன்னார்கள், சொல்லட்டும்.

இனி உன் கேள்வி. "அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை பேசாம துணியை மடிச்சுக்கிட்டு நின்னீங்க. என்னை நினைச்சு வெட்கப்படுறீங்களாம்மா? அப்படின்னா இனிமே நான் அந்த ஆலயத்துல வந்து முழங்கால் போட மாட்டேன்" என்று எழுதியிருந்தாய். அந்த வரிகளை எத்தனை முறை வாசித்தேன் என்பது எனக்கும் என் மூக்குக்கண்ணாடிக்கும் மட்டுமே தெரியும். அன்று நடந்ததை நான் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறேன் என்பதை நீ அறியும்பொருட்டு முறையாக எழுதுகிறேன். ஒரே கிண்ணத்தில் எல்லாரும் அருந்துவதால் நோய் பரவுமா என்று ஆயரம்மா உன்னைக் கேட்டார்கள். நீ ஊகித்துப் பதில் சொல்லவில்லை. ஆயருடைய அனுமதியைப் பெற்று, ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து முடிந்ததும் கிண்ணத்தின் விளிம்பைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்தாய். அன்று கிண்ணம் துடைக்கும் பணியில் இருந்த நான் துணியால் துடைத்த பிறகு மறுபடியும் எடுத்தாய். ஒற்றியதைத் தடவி, நம் சமையலறை அலமாரியில் மூன்று நாள் மூடி வைத்திருந்த, கிருமி வளர்க்கும் இரண்டு தட்டுகளைப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் பின் கொண்டுவந்து காட்டினாய். இரண்டாவது தட்டில் புள்ளிகள் குறைந்திருந்தன, ஆயினும் இருந்தன. "ஆபத்து சின்னதுதான், பயப்பட வேணாம். ஆனா இல்லவே இல்லைன்னு என்னால சொல்ல முடியாது. காய்ச்சல் இருக்கிறவங்க தனியா வாங்கிக்கட்டும், துடைக்கிறவங்க ஒவ்வொரு தடவையும் துணியைத் திருப்பிப் பிடிக்கட்டும்" என்றாய். இதைவிட அடக்கமான பேச்சை நான் கேட்டதில்லை. அப்போதுதான் நம் மூப்பர், கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர், எழுந்து, "ஆண்டவரோட மேசையில பூச்சி தேட வந்துட்டியா? நாலு எழுத்து படிச்சதும் விசுவாசம் பறந்துடுச்சா? இனிமே அந்தக் கிண்ணத்தை யாரும் நோண்டக் கூடாது" என்று கத்தினார். நீ என்னைப் பார்த்தாய். நான் கையிலிருந்த கிண்ணத் துணியை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தேன்.

மகளே, நான் வெட்கப்பட்டது உண்மை. ஆனால் உன்னைக் குறித்து அல்ல, என் வாயைக் குறித்து. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். செய்தித்தாளையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு எனக்கு நானே ஆசிரியையாக இருந்தவள். எழுதச் சொன்னால் எழுதுவேன், ஆனால் நாலு பேர் நடுவே வாய் திறந்தால் சொல் இடறிவிடுமோ என்ற அச்சம் இந்த வயதிலும் போகவில்லை. என் மகள் நெஞ்சு நிமிர்ந்து நின்ற இடத்தில் நான் துணிக்குப் பின்னால் ஒளிந்தேன். அதற்காகவும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆகையால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசுவது என்று தீர்மானித்து, நான்கு பக்கங்களில் ஓர் உரை தயாரித்தேன். மருத்துவமனையில் அறுவைக் கருவிகளின் கிருமி நீக்கும் என் அறையில், ஆட்டோகிளேவ் என்னும் நீராவி இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் உரக்கப் படித்துப் பழகினேன். தலைமைச் செவிலியர் எட்டிப் பார்த்து, "யாரு அக்கா உள்ள? மெஷினுக்கா பிரசங்கம்?" என்றார். குறுக்கே பேசாமல் கேட்கிறது, சபையைவிட மேல் என்றேன். கூட்டத்தன்று எழுந்து "பெருமதிப்பிற்குரிய சபையோரே" என்று கம்பீரமாகத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் கண்ணாடியில் வேர்வை இறங்கி எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, மூப்பரைப் பார்த்து வாயில் வந்ததைச் சொன்னேன். "ஐயா, போன வருஷம் உங்களுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்துச்சே, அந்தக் கத்தியும் கத்தரியும் என் கையாலதான் போச்சு. மெஷின் கதவை மூடும்போது உங்களுக்காக ஜெபம் பண்ணினேன். அதான் ஜெபம் பண்ணியாச்சேன்னு, சூடு சரியா ஏறுச்சான்னு காட்டுற டேப்புல கோடு கறுத்திருக்கான்னு பார்க்காமலே அனுப்பியிருந்தா உங்களுக்குச் சம்மதமா?" என்றேன். பின் வரிசையிலிருந்து அவர் மனைவி, "அவரா? ஊசி புதுசுதானான்னு மூணு தடவை கேட்ட மனுஷனாச்சே" என்றார். சபையே சிரித்தது, ஆயர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். இருபத்தாறு ஆண்டுகளாக நான் ஜெபித்தும் வருகிறேன், டேப்பைப் பார்த்தும் வருகிறேன். இவ்விரண்டும் என் அறையில் ஒருநாளும் சண்டையிட்டதில்லை, என் மகள் செய்ததும் இதுதான், அவளைப் பெற்றதற்காகத் தலைநிமிர்ந்து நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நீ சொன்னபடியே துணியைத் திருப்பிப் பிடிப்பது, நோயுற்றோர் தனியே பெறுவது என்று முடிவாயிற்று; கிண்ணத்தைப் பராமரிக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. இது கௌரவமாக முடிந்த காரியம்.

கேவலமாக முடிந்தது இனிமேல். பெருமை தலைக்கேறிவிட்டது என்பதைத் தவிர வேறு விளக்கம் என்னிடம் இல்லை. துணியால் துடைப்பானேன், முறைப்படியே கிருமி நீக்கிவிடலாம் என்று, ஆயரிடம் கேட்டுக்கொண்டு கிண்ணத்தை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றேன். என் அறைக்கு எந்தப் பொருள் வந்தாலும் அது ஒரே வார்ப்பா, ஒட்டு உண்டா, சூடு தாங்குமா என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் உள்ளே வைக்க மாட்டேன். புதிதாகச் சேர்ந்த டாக்டரின் கருவியைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவள், ஆலயத்துக் கிண்ணம் என்ற பக்தியில் அதனிடம் மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கதவைத் திறந்தபோது கோடு அழகாகக் கறுத்திருந்தது; கிண்ணத்தின் மேற்பாகம் ஒரு பக்கமும் அடிப்பாகம் ஒரு பக்கமும் கிடந்தன. உன் அப்பாவிடம் காட்டினேன். இரண்டு துண்டையும் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "கிருமி செத்துடுச்சு இல்ல?" என்றார். அன்று அவருக்குக் காப்பி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையின் முன் நின்று, உடைத்தது நான்தான் என்று அறிக்கையிட்டேன். மூப்பர் எழுந்தார். அவர் முறை வந்துவிட்டது, வாங்கிக்கொள்வோம் என்று காத்திருந்தேன். அவர் மேசையருகே வந்து, கடிகாரத்துக்கு வைக்கும் சிறு பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கி, கழன்ற அடிப்பாகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தம்மா உடைக்கல. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் கீழே போட்டேன். யார்கிட்டயும் சொல்லாம பசை வச்சு ஒட்டிட்டேன். அந்தப் பொண்ணு குச்சியோட கிட்ட வந்து குனிஞ்சப்ப, கண்டுபிடிச்சுடுவாளோன்னு பயந்துட்டேன். அதுக்குத்தான் கத்தினேன்" என்றார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். இம்முறை துணி மடிக்கவில்லை.

இப்போது அவரே வெள்ளிப் பற்றவைப்பு செய்து, பசையின்றி, அடிப்பாகத்தை முறையாகப் பொருத்தியிருக்கிறார். இம்மாதத் திருவிருந்துக்குச் சிறு கண்ணாடிக் குவளைகளைப் பயன்படுத்தினோம். கிண்ணத்தை மறுபடியும் மேசையில் வைக்கலாமா என்று ஆயர் கேட்டபோது மூப்பர்தான் தடுத்தார். "அந்தப் பொண்ணு வந்து பார்த்துச் சொல்லட்டும். அவ குச்சியை எடுத்துட்டு வரட்டும், நான் பக்கத்துல நின்னு பிடிச்சுக்கிறேன்" என்றார். ஆலயத்து அலமாரியில் உன் பழைய தட்டு அளவுக்கு ஓர் இடம்கூட ஒதுக்கியிருக்கிறார்; சமையலறையில் வைப்பது மரியாதையில்லையாம்.

இன்னொன்றும் எழுதியிருந்தாய், முன்போல ஜெபிக்க முடியவில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகிவிட்டேன் என்று. அதை நான் குறையாகக் காணவில்லை. பொய்ச்சாட்சி சொல்ல அஞ்சுகிறவளின் குணம் அது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு மூச்சுவிடக்கூட மறந்து நீ குனிந்திருந்த கோலத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு நீ என்ன பெயர் வைத்தாலும் எனக்கு மறுப்பில்லை. உனக்கு ஜெபம் வராத நாட்களில் உன் பங்கையும் நானே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். முழங்கால் போடுவதும் போடாததும் உன் விருப்பம். பக்கத்தில் இடம் மட்டும் வைத்திருப்பேன்.

குளிர்காலத்தில் காதை மூடிக்கொள். ஆய்வுக்கூடத்தில் கையுறையைக் கழற்றிய பின்பே உணவைத் தொடு. இதை உனக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனாலும் தாய் சொன்னாள் என்று இருக்கட்டும். உன் கையும் கண்ணும் மனச்சாட்சியும் ஆண்டவருடைய காவலில் இருப்பதாக. அப்பாவும் தம்பியும் தங்கள் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார்கள். குச்சிகளை நீயே கொண்டுவர வேண்டும், இங்கே கிடைப்பவை காது குடைவதற்குத்தான் ஆகும் என்று தம்பி நினைவூட்டுகிறான்.

உன்னால் பெருமையுற்றிருக்கும்,
உன் அம்மா.

பின்குறிப்பு: கிண்ணம் காத்திருக்கிறது. எந்தத் தேதியில் வருகிறாய் என்று உடனே பதில் எழுது.